சத்தம் அடங்க ஒரு மருந்து

எனக்குச் சத்தம் ஆகாது. மற்றபடி நான் சிடுமூஞ்சி இல்லை. என்னிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உட்காருங்கள், அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுகிறேன்.

முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். அவருடைய அப்பா நினைவு தப்பி, நாளெல்லாம் வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தூக்க மருந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தையல்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தான் சார் வீடு வீடா இருக்கு." அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பேச்சு பரவியது. பெரியவர்களை அலைக்கழித்துக் கூட்டிவர வேண்டாம், மகனோ மருமகளோ வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பாருங்கள். தூங்க முடியாமல் தவிப்பவர்தானே நோயாளி? அவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மருந்தை மட்டும் வேறொருவர் சாப்பிடுகிறார்.

மருந்துக்கடைக்காரர் ஒருமுறை நேரில் வந்து தயங்கி நின்றார். "ஒரே மருந்து இத்தனை வீட்டுக்குப் போகுதே சார்?"

"வயசானவங்க. நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

அவர் வீட்டிலும் ஒரு மாமியார் இருந்தார். பிறகு அவருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் விசாரிக்க வந்தது அந்தத் தொலைபேசி அம்மாவைப் பற்றி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணீரென்ற குரல், தெருமுனை வரை கேட்கும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுலேர்ந்து ஒரே கத்தல் டாக்டர். பொண்ணுக்குப் பரீட்சை வேற" என்று மகன் கெஞ்சியதால் வீட்டுக்கே போனேன்.

அந்த அம்மா தெளிவாகப் பேசினார். "தம்பி, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. கால்தான் உயிர் போற மாதிரி வலிக்குது. ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க."

போர்வையை விலக்கினேன். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரின்னா கூட யாரு சார் இருக்கறது?" என்றார் மகன், கதவோரம் நின்று. நியாயமான கேள்வி.

"சதைப் பிடிப்புதாம்மா" என்று சொல்லி, அதே தூக்க மருந்தைச் சொட்டுகளாக நானே வாயில் விட்டேன். "கையை விட்டுடாதீங்க தம்பி" என்றார். அவர் கண் அயரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த டாக்டர் இப்படி உட்காருவார்?

இரவுக்கு மட்டும் கொடுத்தது காலைக்கும் ஆனது, பிறகு மதியத்துக்கும். வீடு அடங்கியது. பெண் பரீட்சையை நன்றாக எழுதினாள். புரளாமல் கிடந்ததில் முதுகு புண்ணாகி, நெஞ்சில் சளி கட்டி, அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். முதுமையால் இறப்பு என்று சான்று கொடுத்தேன்.

இடுப்பெலும்பு முறிந்தது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அந்த மருந்தை நிறுத்தாவிட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். தையல்காரரின் அப்பாவிலிருந்து ஒவ்வொருவர் விஷயத்திலும் தெரியும். கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். என் மருந்தைச் சாப்பிட்ட பிறகு, அவர்களில் ஒருவர்கூட என்மேல் ஒரு குறை சொன்னதில்லை.