முகம் தெரிகிற தூரம்

அண்ணி: இது வேணாம் தம்பி. அதோ, கண்ணாடி அலமாரியில மேல் தட்டுல மூக்க நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, அத எடு.

கொழுந்தன்: அண்ணி... அது பெரிய ஆளுங்க சமாச்சாரம். நீங்க இப்பதான் மொத மொத கேமராவக் கையில தொடறீங்க.

அண்ணி: தையல் மெஷினையும் ஒரு நாள் மொத மொதல்லதான் தொட்டேன். இப்ப என் கடையில மூணு மெஷின் ஓடுது. எடு.

கொழுந்தன்: எட்டு வருஷமா இந்தக் கடையில கேமரா விக்கிறேன், நான் சொன்னா கேக்க மாட்டீங்களா? கத்துக்கறவங்களுக்கு இந்தச் சின்னதுதான் சரி. கைக்கு அடக்கம். பையில போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். வெளிச்சம் கம்மியா இருந்தாக்கூட...

அண்ணி: தூரத்துல இருக்கறது தெரியுமா?

கொழுந்தன்: பக்கத்துல இருக்கறது பளிச்சுன்னு தெரியும்.

அண்ணி: நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற?

கொழுந்தன்: தூரத்துல இருக்கறத எதுக்கு அண்ணி எடுக்கணும்? பூ எடுங்க. பக்கத்து வீட்டுக் குழந்தைய எடுங்க. நீங்க தைக்கற துணியெல்லாம் அழகா எடுத்துப் போடுங்க, ஆர்டர் வந்து குவியும்.

அண்ணி: பூவ ஃபோன்லயே எடுப்பேன். உங்க அண்ணன எடுக்கணும்னுதானே வந்திருக்கேன். காலையில ஃபோன் பண்ணி சொன்னேனே, காதுல வாங்கலயா?

கொழுந்தன்: வாங்குனேன், வாங்குனேன்...

அண்ணி: பதினாலு மாசம் ஆச்சு அவரு கப்பலேறி. உலகத்துல வேற யாருமே கப்பல்ல சமையல் வேலை பாக்கலயா? அவங்கல்லாம் பொண்டாட்டிக்கு மூஞ்சியக் காட்டலயா? நாலு மாசமா வீடியோல வர்றதே இல்ல. கேட்டா நெட் இல்லங்கறாரு. அப்புறம் ஃபோன்ல கேமரா போயிடுச்சுங்கறாரு. குரல் மட்டும் வருது. வெறும் குரல வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ண? முகம் மறந்துடுமோன்னு பயமா இருக்கு தம்பி.

கொழுந்தன்: கல்யாண ஃபோட்டோ இருக்கே, சுவத்துல, இம்மாம் பெருசா...

அண்ணி: அது பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின முகம். எனக்கு இப்ப இருக்கற முகம் வேணும்.

கொழுந்தன்: ம்...

அண்ணி: வியாழக்கிழம காலையில ஏழு மணிக்கு அந்தக் கப்பல் லைட் ஹவுஸத் தாண்டிப் போகுது. கரைக்கு வராது, நிக்காது. கால் மணி நேரம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். மேல்தளத்துல நின்னு மஞ்சத் துண்டு ஆட்டறேன்னு சொல்லியிருக்காரு.

கொழுந்தன்: என்கிட்டயும் சொன்னாரு.

அண்ணி: அப்புறம் என்ன வழவழன்னு பேசிட்டு இருக்க? எடு அந்தப் பெருச.

முதலாளி: ஏம்பா, என்ன தகராறு அங்க? அம்மா எதக் கேக்கறாங்களோ அத எடுத்துக் காட்டேன்!

கொழுந்தன்: காட்டறேன் சார். எங்க அண்ணி சார் இவங்க.

முதலாளி: அட, அண்ணியா! வாங்கம்மா. எப்பவும் இவன்தான் சின்னது கேட்டு வந்தவங்க தலையில பெருசக் கட்டி அனுப்பறவன். இன்னிக்கு வீட்டு ஆளு வந்ததும் இப்படி மென்னு முழுங்கறான் பாருங்க.

அண்ணி: அதத்தாங்க நானும் பாத்துட்டே இருக்கேன்.

கொழுந்தன்: இந்தாங்க. பாத்து... கனமா இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிங்க.

அண்ணி: இதுல என்ன கனம்? இஸ்திரிப்பெட்டி இதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும். எத்தன மெகாபிக்சல்?

கொழுந்தன்: அது யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?

அண்ணி: கடைக்குப் போனா அத மொதல்ல கேக்கணுமாம்.

கொழுந்தன்: அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல அண்ணி. இதோ, இந்த வளையத்தத் திருப்புனா மூக்கு நீளும், தூரத்துல இருக்கறது கிட்ட வரும். இந்தப் பித்தானப் பாதி அமுக்குனா தெளிவாகும், முழுசா அமுக்குனா படம் விழும். ஆனா ஒண்ணு, கை நடுங்குச்சுன்னா போச்சு. எல்லாம் கலங்கிடும். அதான் சொல்றேன், புதுசா வர்றவங்களுக்கு இது...

அண்ணி: வாசல்லேருந்து பாக்கட்டுமா?

கொழுந்தன்: பாருங்க. தெருக் கடைசியில மருந்துக்கடை போர்டு இருக்குல்ல, அத எடுக்க முடியுதான்னு பாருங்க. நடுங்கும், பாருங்களேன்...

அண்ணி: இரு, பேசாத.

கொழுந்தன்: மூச்ச அடக்கி...

அண்ணி: பேசாதன்னேன். ஊசியில நூல் கோக்கறப்ப மூச்சு விடுவோமா நாங்க? ம்... ஐயோ! தம்பி! மருந்துக்கடைக்காரரு கொட்டாவி விடறாரு! கடவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுது!

கொழுந்தன்: எங்க காட்டுங்க. அட... துளிகூட அசங்கலயே.

அண்ணி: என்ன, குரல்ல சுரத்தே இல்ல? நல்லா எடுத்தா சந்தோஷப்படணும்.

கொழுந்தன்: சந்தோஷம்தான் அண்ணி...

அண்ணி: மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. சரி, இதச் சொல்லு. சாயந்திரம் வெளிச்சம் மங்கிப்போச்சுன்னா இதுல முகம் விழுமா?

கொழுந்தன்: கொஞ்சம் கஷ்டம். ஆனா கப்பல் காலையிலதானே போகுது?

அண்ணி: ஆமா, காலையிலதான். சும்மா கேட்டேன். வாங்கறதுன்னு ஆயிடுச்சு, எல்லாத்தையும் கேட்டுக்க வேணாமா? ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருந்தா? இல்ல, கம்பிக்குப் பின்னால?

கொழுந்தன்: அவருதான் மேல்தளத்துல, வெட்டவெளியில நிக்கப்போறாரே!

அண்ணி: பதிலச் சொல்லுடா.

கொழுந்தன்: கம்பிய விட்டுட்டு ஆளு மேல குறி வச்சா விழும். கண்ணாடில எதிர்வெளிச்சம் அடிக்கக் கூடாது.

அண்ணி: டிக்குன்னு ஒரு சத்தம் வருதே, அது இல்லாம எடுக்கலாமா?

கொழுந்தன்: எடுக்கலாம், அதுக்கு ஒரு பித்தான் இருக்கு. ஆனா அண்ணி, ரெண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கப்பல். அங்க நிக்கறவருக்கு உங்க கேமரா சத்தமா கேக்கப் போகுது?

அண்ணி: கேக்காதுல்ல... ஆமா. நான் ஒரு கூறு கெட்டவ.

கொழுந்தன்: ரெண்டு கிலோமீட்டர் அண்ணி! யோசிச்சுப் பாருங்க. தண்ணி மேல காலையில ஆவி மாதிரி எழும்பும். எந்த லென்ஸ் போட்டாலும் எல்லாம் அலை அலையா ஆடும். முகமெல்லாம் தெரியாது. வெறுங்கண்ணால பாருங்க, அதுதான் நல்லது. மஞ்சத் துண்டு ஆடறது தெரியும், நீங்களும் கையாட்டுங்க, மனசு நிறைஞ்சுடும்.

அண்ணி: துண்ட யாரு வேணாலும் ஆட்டலாம் தம்பி.

கொழுந்தன்: க்கும்... க்கும்...

அண்ணி: என்ன, புரையேறுதா? தண்ணி குடி.

கொழுந்தன்: ஒண்ணுமில்ல. தூசி.

அண்ணி: துண்டு எனக்கு எதுக்கு? நான் துண்டையா கட்டிக்கிட்டேன்? அவரு கண்ணு எப்படி இருக்கு, இளைச்சாரா, தாடி விட்டிருக்காரா, ஒரு தடவ பாத்துட்டா போதும். அப்புறம் இன்னும் ஆறு மாசம் குரல மட்டும் கேட்டுட்டு ஓட்டிடுவேன். ஐயா! இதையே போட்டுடுங்க!

முதலாளி: போட்டாச்சும்மா! பெட்டிய எடுப்பா.

கொழுந்தன்: சார், ஒரு நிமிஷம் சார். ஒரே நிமிஷம்.

முதலாளி: வாங்கறேங்கறவங்களையும் வாங்க விட மாட்டேங்கறான். சரி, நான் பின்னால ஸ்டாக் பாக்கப் போறேன். நீங்களே பேசி முடிங்கம்மா.

கொழுந்தன்: அண்ணி, இப்படி உள்ள வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

அண்ணி: நிக்கறேன், சொல்லு.

கொழுந்தன்: உக்காருங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்.

அண்ணி: உக்காந்துட்டேன்.

கொழுந்தன்: வியாழக்கிழம லைட் ஹவுஸுக்குப் போகாதீங்க.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: அந்தக் கப்பல்ல அண்ணன் இல்ல.

அண்ணி: ம்.

கொழுந்தன்: மஞ்சத் துண்டோட நிக்கப்போறது இஞ்சின் ரூம் ஆளு ஒருத்தரு. அண்ணன் கேட்டுக்கிட்டாருன்னு... வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு... நீங்க கேமரா வாங்கக் கிளம்புவீங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல அண்ணி!

அண்ணி: அந்த ஆளு உயரமா?

கொழுந்தன்: குள்ளம்.

அண்ணி: நல்லா ஆளு பிடிச்சீங்க அண்ணனும் தம்பியும்.

கொழுந்தன்: சிரிக்கறீங்க? அண்ணி, நான் சொன்னது புரிஞ்சுதா?

அண்ணி: தெரியும் தம்பி.

கொழுந்தன்: எது?

அண்ணி: அவரு கப்பல்ல இல்லங்கறது. பன்னெண்டு வருஷமா அவரு எப்பப் பேசினாலும் பின்னால இஞ்சின் உறுமிட்டே இருக்கும். நான் அந்தச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தித்தான் பேசுவேன். நாலு மாசமா அந்தச் சத்தமே இல்ல. ஆனா மனுஷன் பழக்க தோஷத்துல இன்னும் கத்திக்கிட்டு இருக்காரு.

கொழுந்தன்: ஐயோ...

அண்ணி: அப்புறம் போன மாசம் நீ வந்த. நாலு சட்ட தைக்கணும்னு. காலர் கூடாது, முன்னால முழுசாத் திறக்கணும், துணி மெத்துமெத்துன்னு இருக்கணும். எல்லாம் உனக்காம். நீ எழுதிக் குடுத்த சீட்டுல தோள் பதினெட்டரை. உன் தோள் பதினாறு. அந்தச் சட்டையப் போட்டா நீ அதுக்குள்ள தொலைஞ்சு போயிடுவ. ஏன்டா, தையல்காரிகிட்டயே வந்து அளவுல பொய் சொல்வியா?

கொழுந்தன்: வேற கடையில குடுன்னேன் அண்ணன்கிட்ட. அவருதான், அவ தைச்சாத்தான் எனக்கு உக்காரும்னாரு...

அண்ணி: அப்படியா சொன்னாரு?

கொழுந்தன்: அதே வார்த்த.

அண்ணி: வெட்டறப்ப கை ஓடல எனக்கு. காலர் ஏன் வேணாம்? கழுத்துல என்ன? தலை வழியா மாட்ட முடியாத அளவுக்கு என்ன ஆச்சு? கேக்கலாம்னு நாலு தடவ வாயெடுத்தேன். நீ தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்ன. சரி, தானா சொல்லட்டும்னு விட்டுட்டேன். அப்புறம்தான் அந்தக் கப்பல் இந்தப் பக்கமாப் போகுதுன்னு கேள்விப்பட்டு அவருகிட்டயே சொன்னேன். இதச் சொன்னாலாவது உண்மைய ஒத்துக்குவாருன்னு பாத்தா, துண்டு ஆட்டறேன்னாரு. அன்னிக்குத்தான் அழுதேன்.

கொழுந்தன்: மன்னிச்சுக்கங்க அண்ணி. சத்தியமா சொல்ல வேணாம்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு.

அண்ணி: இப்ப சொல்லு.

கொழுந்தன்: அடுப்புல எண்ணெய் பத்திக்கிச்சு. இடது கன்னம், காது, கழுத்து... கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வேற துறைமுகத்துல எறக்கி ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. மூணு மாசம். அங்கேருந்து நேரா என் ரூமுக்குத்தான் வந்தாரு. கொஞ்சம் ஆறட்டும், அவ பயந்துடுவா, இப்படி என்னப் பாக்கக் கூடாதுன்னு...

அண்ணி: வலி இருக்கா?

கொழுந்தன்: வலி இல்ல இப்ப. அரிப்புதான்.

அண்ணி: சாப்பிட முடியுதா?

கொழுந்தன்: வலது பக்கமா மென்னு சாப்பிடறாரு.

அண்ணி: சிரிச்சா?

கொழுந்தன்: சிரிச்சா அந்தப் பக்கம் வரல அண்ணி. இந்தப் பக்கம் மட்டும் வருது.

அண்ணி: சிரிக்கறாரா அப்ப?

கொழுந்தன்: நீங்க அனுப்பற வாய்ஸ் மெசேஜ் கேக்கறப்ப.

அண்ணி: என் குரலக் கேட்டா சிரிக்கறாரு...

கொழுந்தன்: அழாதீங்க அண்ணி. முதலாளி வந்துடுவாரு.

அண்ணி: வரட்டும். என்ன இப்ப?

கொழுந்தன்: எனக்கு ஒண்ணுதான் புரியல. எல்லாம் தெரிஞ்சுகிட்டே எதுக்கு இங்க வந்து கப்பல், கேமரான்னு என்ன ஒரு மணி நேரமா வறுத்து எடுத்தீங்க? நேரா மாடியேறி வந்து கதவத் தட்டியிருக்கலாமே!

அண்ணி: மூணு தடவ உன் வீட்டுப் படி வரைக்கும் வந்துட்டேன். பாக்காதன்னு ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடறப்ப, எப்படிக் கதவத் தட்டறது? தட்டி, அவரு கையால மூஞ்சிய மூடிக்கிட்டா? அத என்னால தாங்க முடியாது. அவரா கூப்பிடட்டும். ஆனா அது வரைக்கும் எனக்குப் பாக்கணுமேடா...

கொழுந்தன்: அதுக்கு கேமரா?

அண்ணி: என் வீட்டு மொட்ட மாடியிலேருந்து உன் ரூம் ஜன்னல் தெரியுது. நடுவுல ரெண்டு தெரு. சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு ஆளு வந்து கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நிக்கற தினுசுலயே அவருன்னு தெரிஞ்சுபோச்சு. முகம்தான் தெரியல. கப்பல எடுக்க எனக்கு எதுக்கு கேமரா?

கொழுந்தன்: அண்ணி... ஒண்ணு சொல்லட்டுமா? விளக்கே போட விட மாட்டாரு, வெளிய தெரிஞ்சுடும்னு. வெளிச்சமான வேற ரூம் பாக்கலாம்னு சொன்னா, இந்த ஜன்னல விட்டு நகர மாட்டேங்கறாரு. ஆறு மணிக்கு நீங்க காஞ்ச துணி எடுக்க மாடிக்கு வருவீங்கன்னுதான் அவரு அங்க வந்து நிக்கறதே.

அண்ணி: ஒரு மாசமா அந்தத் துணியெல்லாம் நனைஞ்சதே இல்ல தம்பி. மத்தியானம் போயி சும்மா கொடியில போட்டுட்டு வருவேன்... சாயந்திரம் அங்க போயி நிக்க ஒரு சாக்கு வேணுமே.