சாப்டியா என்று கேட்ட பெட்டி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் உலகநாதன் அவர்களே! பாயின் துணைவியார் அஷ்ரஃபுன்னிசா அக்கா அவர்களே! பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே! மண்ணூர்பேட்டை அலுவலகத் தோழர்களே! கணினி நிரல் எழுதும் கிருபாகரன் பேசுகிறேன். முழுசாகப் பேசி முடிப்பேனா, தெரியவில்லை.

நம் சோதனைப் பிரிவின் தூண், அப்துல் ஜப்பார் பாய் போய்விட்டார். பதினாறு ஆண்டுகள்! நாம் நடத்தும் மின்னஞ்சல் சேவையை உடைத்துப் பார்ப்பதே அவர் வேலை. வருகிற கடிதத்துக்குள் யாராவது கள்ளத்தனமாகக் கட்டளை வரிகளை ஒளித்து வைத்தால், திறந்த மாத்திரத்தில் அவை ஓடி, நம் கடிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த ஓட்டைகளைத் திருடனுக்கு முன்னே கண்டுபிடித்தவர் யார்? பாய்தான்!

அவருடைய சோதனைக் கடிதம் எதையும் திருடாது. திரையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் குதிக்கும்: "சாப்டியா?" அது வந்தால் நம் பூட்டு உடைந்தது என்று பொருள். எத்தனை நாள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம்!

ஒருமுறை, கட்டளையின் முகப்பில் வரும் 'ஸ்கிரிப்ட்' என்ற சொல்லைக் கண்டாலே நீக்கும்படி எழுதிவிட்டு மார்தட்டினேன். பாய் அந்தச் சொல்லின் நடுவிலேயே அதே சொல்லைச் செருகி அனுப்பினார். நடுவில் இருந்ததை என் நிரல் நீக்கியது; மிச்சமிருந்த இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு மறுபடி அதே சொல்லாயின. குதித்தது பெட்டி! "இன்னா நைனா, திருடன நீயே கூட்டாந்து உக்கார வச்சிக்கினு கீறியே!" என்று சிரித்தார். டீ வாங்கித் தந்ததும் அவர்தான்.

போன மாதம் புதிய பதிப்பை வெளியிடும் நாளில், இன்னொரு ஓட்டை இருக்கிறது என்று தடுத்தார். வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்கு மானம் போயிற்று. "குத்தம் கண்டுபுடிக்கிறத உட்டா வேற வேலையே இல்லியா பாய்?" என்று கத்தினேன். ஓட்டையை அடைத்தேன், அவரோடு பேசவில்லை. மறுவாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுபடி குறைதானே என்ற வீம்பில் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு மாரடைப்பு.

இன்று காலைதான் திறந்தேன். பெட்டி குதிக்கவில்லை. கட்டளை வரிகள் ஓடாமல் வெறும் எழுத்தாகக் கிடந்தன. கீழே எழுதியிருந்தார்: "நம்ம பெட்டி வர்ல. இந்த தபா பூட்டு நிக்குது நைனா. கோவத்த உட்டுட்டு ஞாயித்துக்கெயம ஊட்டுக்கு சாப்ட வா."

பாய்! என் வேலை ஜெயித்ததற்காக நான் அழுதது இன்றுதான்.

தோழர்களே! இனி ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் அவருடைய கடிதங்கள் அத்தனையையும் அனுப்பிப் பார்ப்போம். ஒரே ஒரு பெட்டி குதித்தாலும் வெளியிட மாட்டோம். தலைவர் அவர்கள் முன்னிலையில் இது என் வாக்கு.

அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். சாப்பிட்டாயா என்று நீங்களாவது கேளுங்கள்.