பன்னிரண்டு கல்லும் ஒரு வாசற்படியும்

இஸ்காள்: ...அங்கேயே நில்லு! வாசப்படியைத் தாண்டாதே. தாண்டினா உன் எஜமான் உன்னைத் திரும்ப வீட்டுல சேர்க்கமாட்டாரு.

வந்தவன்: தாண்டலம்மா. சேதி கேட்டுட்டுப் போறேன், அவ்வளவுதான்.

இஸ்காள்: யாரு அனுப்பினதுன்னு சொன்னே? இன்னொரு தடவை சொல்லு, காது குளிரட்டும்.

வந்தவன்: ஆலயத்துப் பிரதான ஆசாரியர். தம்பி பெராயாவுக்கு உடம்பு எப்படியிருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னாரு.

இஸ்காள்: அடேயப்பா! மூணு தெரு தள்ளிப் படுத்திருக்கற கூடப்பொறந்தவனைப் பார்க்க ஆள் வேற அனுப்பறாரா? வழிச்செலவுக்கு ஏதாவது கொடுத்தாரா? கழுதையிலதானே வந்தே?

வந்தவன்: கேலி பண்ணாதீங்கம்மா.

இஸ்காள்: முக்காடு எதுக்கு? எருசலேம்ல இன்னைக்குப் பனி பெய்யுதா?

வந்தவன்: தூசி. பஸ்கா பண்டிகைக்கு ஊரெல்லாம் ஆட்டுமந்தையை ஓட்டிட்டு வர்றாங்க, கண்ணே திறக்க முடியல... உள்ளே... எப்படியிருக்காரு?

இஸ்காள்: மூச்சு இருக்கு.

வந்தவன்: ...இருக்கா?

இஸ்காள்: இருக்குன்னா இருக்கு. ஏன், உன் எஜமானுக்கு அதுல ஏதாவது சங்கடமா?

வந்தவன்: இல்லம்மா. வீடு ரொம்ப அமைதியா இருக்கேன்னு கேட்டேன்.

இஸ்காள்: தூங்கறான். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களை நான்தான் போகச் சொன்னேன். சாகறதுக்கு முன்னாடியே ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரிபண்ணிட்டு வந்து உக்காந்துக்கறாளுங்க.

வந்தவன்: ...அவரே வரணும்னுதான் இருந்தாரு. ஆனா சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. மத்த ஆசாரியர்னா கூடப்பொறந்தவன் சாவுக்குப் போகலாம். பிரதான ஆசாரியர் பெத்த தாய் செத்தாலும் கிட்டப் போகக்கூடாது. பொணம் இருக்கற கூரைக்குள்ள கால் வச்சாலே தீட்டு.

இஸ்காள்: செத்தாத்தானே தீட்டு? உசிரு இருக்கற வீட்டுக்குள்ள வந்தா என்ன தீட்டு?

வந்தவன்: உள்ளே இருக்கும்போதே போயிட்டா?

இஸ்காள்: ஆமாமா, பெராயா அதுக்குன்னே காத்துக்கிட்டிருக்கான். அண்ணன் காலை உள்ளே வச்சதும் பொசுக்குன்னு போயிடணும்னு!

வந்தவன்: அப்படி இல்லம்மா...

இஸ்காள்: எங்கப்பா போனப்ப பார்த்தேனே உங்க சட்டத்தை. நாங்க பாடையைத் தூக்கிட்டு ஒரு முனை திரும்பினப்புறம் அவரு இந்த முனையில தலையைக் காட்டினாரு. நாங்க அடுத்த முனை திரும்பினா அவரு ஒரு முனை முன்னேறுவாரு. நாங்க கண்ணுல பட்டா பதுங்குவாரு. கோழி திருட வந்தவன் மாதிரி! ஊர்வாசல் வரைக்கும் அப்படியே வந்துட்டுத் திரும்பிட்டாரு.

வந்தவன்: அதுதான் முறை.

இஸ்காள்: முறை! அப்புறம் துக்கம் கேட்க வந்த சனம் மொத்தமும் தரையில உக்காந்திருக்கு, அவருக்கு மட்டும் முக்காலி. அப்பன் செத்தது எங்களுக்கு, ஆசனம் அவருக்கு.

வந்தவன்: அவரு தனக்காக ஒதுங்கலம்மா. பன்னிரண்டு கோத்திரத்தையும் மாருல பதக்கமாக் கட்டிச் சுமக்கறவரு. ஒவ்வொரு கல்லுலேயும் ஒரு பேரு. ஒருத்தன் துக்கத்துக்காக அத்தனை பேரையும் இறக்கி வைக்க முடியுமா?

இஸ்காள்: எனக்குச் சொல்லித் தர்றியா? நானும் ஆசாரியன் வீட்டுல பொறந்தவதான். ரூபனுக்குப் பத்மராகம், சிமியோனுக்குப் புஷ்பராகம், நம்ம லேவிக்கு மாணிக்கம். நடுவுல இருக்கறதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கடைசியில பென்யமீனுக்கு யஸ்பி. போதுமா?

வந்தவன்: போதும்.

இஸ்காள்: சரி, நப்தலி கோத்திரத்தான் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து காட்டு. காத் கோத்திரத்தான் ஒருத்தனைக் காட்டு. அசீரியாக்காரன் வாரிக்கிட்டுப் போனவங்க... எந்த மண்ணுல கரைஞ்சாங்கன்னு யாருக்காவது தெரியுமா?

வந்தவன்: அதுக்குத்தாம்மா கல்லு! மனுஷன் மறந்துடுவான்னுதான் கல்லுல வெட்டி வச்சிருக்கு. ஆளு இல்லாட்டியும் பேரு கர்த்தர் முன்னாடி போய் நிக்கணும். இவங்களும் உம் பிள்ளைங்கதான், மறந்துடாதேன்னு...

இஸ்காள்: நல்லா பேசறே. காணாமப் போனவனுக்கெல்லாம் அந்த மாருல இடம் இருக்கு. மூணு தெரு தள்ளி இருக்கறவனுக்குத்தான் இல்ல. ஒண்ணு சொல்லு உன் எஜமான்கிட்ட. பெராயாவையும் அசீரியாவுக்கு அனுப்பிடறேன், அப்பவாவது ஞாபகம் வரும். இன்னொண்ணு சொல்லு. அந்தப் பதக்கம் இப்ப எங்கே இருக்கு?

வந்தவன்: கோட்டையில.

இஸ்காள்: யாரு கோட்டையில?

வந்தவன்: ...ரோமன் கோட்டையில. பூட்டி முத்திரை வச்சிருக்காங்க. திருவிழாவுக்கு மட்டும் எடுத்துத் தருவாங்க. நாளைக்குப் பெட்டி வருது.

இஸ்காள்: பன்றிக்கறியைத் தின்னுட்டு அந்தப் பெட்டி மேலேயே ஏறி உக்காந்து சூதாடுவான் சிப்பாய். யாக்கோபு பெத்த பன்னிரண்டு பேரும் அவன் பிட்டத்துக்குக் கீழே! அதுல தீட்டு இல்ல. என் தம்பி படுத்திருக்கற பாயிலதான் தீட்டு!

வந்தவன்: வாங்கினதும் சுத்தம் பண்ணித்தான்...

இஸ்காள்: அந்தக் காலத்துல அந்தக் கல்லுங்க ஒளிவிட்டுப் பதில் சொல்லுமாமே? இப்ப ஏன் சொல்லறதில்ல?

வந்தவன்: எப்பவோ நின்னுபோச்சு.

இஸ்காள்: நல்லதாப் போச்சு. பேசிச்சுன்னா கட்டியிருக்கறவரைத்தான் முதல்ல காறித் துப்பும்.

வந்தவன்: மெதுவாம்மா... தெருவுல சனம் போகுது.

இஸ்காள்: போகட்டும். பெராயாவும் ஆசாரியன்தான், தெரியுமில்ல? பலிபீடத்துச் சரிவுல யாரு முதல்ல ஏறறதுன்னு வாலிபப் பசங்க போட்டி போட்டப்ப விழுந்து கால் போச்சு. ஊனம் வந்துடுச்சுன்னா பீடத்துக்கிட்டப் போகக்கூடாது. அதுக்கப்புறம் மரக்கிடங்குல உக்காந்து விறகுல புழு இருக்கான்னு பார்க்கற வேலைதான் வாழ்க்கை பூரா. பீடத்துக்குப் புழு விழுந்த விறகு ஆகாதே.

வந்தவன்: தெரியும்.

இஸ்காள்: அண்ணனுக்குக் கீறல் விழாத கல்லு, தம்பிக்குப் புழு. அவன் அதுக்கும் சிரிப்பான். “புழுவுக்குக் கூட மரம்தான் பிடிக்குது அக்கா, உள்ளே ஈரம் இருக்கு. கல்லுக்குள்ள அது போறதேயில்ல. பாரு, அண்ணன் கெட்டிக்காரன், கல்லாப் பார்த்துக் கட்டிக்கிட்டான்”ம்பான்.

வந்தவன்: சின்னதுலேயே அவனுக்கு அந்த வாய்தான்...

இஸ்காள்: ஓஹோ! பிரதான ஆசாரியர் வீட்டு வேலைக்காரனுக்குப் பெராயாவோட சின்ன வயசு கூடத் தெரியுமோ?

வந்தவன்: ...கேள்விப்பட்டது.

இஸ்காள்: எத்தனை நேரம் இன்னும் இந்தக் கூத்து? முக்காட்டை எடு, பெலத்தியா.

பெலத்தியா: ...எப்பக்கா தெரிஞ்சுது?

இஸ்காள்: நீ கதவைத் தட்டினப்பவே. வேலைக்காரன் எவனாவது அவ்வளவு மெதுவாத் தட்டுவானா? ஆலயத்துல தூபம் போடற மாதிரி தட்டறே.

பெலத்தியா: அப்புறம் ஏன் தெரியாத மாதிரி பேசினே?

இஸ்காள்: நீ வேஷம் கட்டிட்டு வந்தே, நான் தாளம் போட்டேன். பிரதான ஆசாரியரை நேருக்கு நேர் திட்டினா கல்லெறிவாங்க. வேலைக்காரனைத் திட்டினா யாரு கேப்பா?

பெலத்தியா: நான்தான்னு சொல்லியிருந்தா கதவைத் திறந்திருப்பியா?

இஸ்காள்: மாட்டேன்.

பெலத்தியா: அதான்... முந்தாநாள் தெருமுனை வரைக்கும் வந்தேன்க்கா.

இஸ்காள்: வந்து?

பெலத்தியா: மாடியிலேர்ந்து ஒருத்தன் பார்த்தான். திரும்பிட்டேன்.

இஸ்காள்: மாடியிலேர்ந்து ஒருத்தன்! மேலே இருக்கறவரு பார்க்கறதைப் பத்தி உனக்குக் கவலையில்ல, மாடியில துணி காயப்போடறவன் பார்த்தா உதறல்!

பெலத்தியா: திட்டு.

இஸ்காள்: திட்டாம? படுத்த நாள்லேர்ந்து வாசப் பக்கமே தலையைத் திருப்பிக்கிட்டான். காலடிச் சத்தம் கேட்டா, “அண்ணனா?”ன்னான். தண்ணிக்காரன் வந்தாலும், “அண்ணனா?” பிச்சைக்காரன் வந்தாலும், “அண்ணனா?” என்ன, அழறியா? அழாதே. கண்ணீர் பட்டா கல்லு மங்கிடப் போகுது.

பெலத்தியா: இன்னும் மூச்சு இருக்குன்னுதானே சொன்னே?

இஸ்காள்: ...ஆமா.

பெலத்தியா: நிஜமாத்தானே?

இஸ்காள்: நிஜமாத்தான். தைரியம் இருந்தா உள்ளே வா. வந்து அவன் கையைப் பிடிச்சுக்க. போயிட்டான்னா போகட்டும். உனக்குத் தீட்டு, இந்தப் பஸ்காவுக்கு நீ பீடத்துக்கிட்டப் போக முடியாது. அறிஞ்சே வந்தான்னு ஊரு சிரிக்கும். ரோமன் உன்னைத் தூக்கிட்டு வேற ஒருத்தன் மாருல கல்லைக் கட்டுவான். அவ்வளவுதானே? வா! ஏன் நிக்கறே? வரமாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை...

பெலத்தியா: கொஞ்சம் நகரு. செருப்பைக் கழட்டறேன்.

இஸ்காள்: ...என்ன பண்றே?

பெலத்தியா: உள்ளே வரேன்.

இஸ்காள்: பெலத்தியா... டேய், விளையாடாதே.

பெலத்தியா: வழி விடுக்கா.

இஸ்காள்: நில்லு! காலை எடு! எடுடா வெளியில! ...அவன் இல்லடா. மத்தியானமே போயிட்டான். சாகிற மூச்சுலேயும் வாசலைத்தான் பார்த்தான். உன்னை உள்ளே இழுத்துத் தீட்டாக்கி, அந்தப் பதக்கத்தை உன் மாருலேர்ந்து இறக்கணும்னுதான் பொய் சொன்னேன். உன் மேல அப்படி ஆத்திரம்... ஆனா நீ நிஜமாவே செருப்பைக் கழட்டவும் என்னால பார்த்துட்டு நிக்க முடியல. ஒருத்தனைப் பறிகொடுத்தது போதும். போயிடு. இன்னும் நீ வெளியிலதான் இருக்கே, யாரும் பார்க்கல. போடா தம்பி...

பெலத்தியா: மத்தியானமே தெரியும்க்கா. மரக்கிடங்குக்கு ஆள் வந்து சொன்னப்ப நானும் அங்கேதான் நின்னேன். துணை ஆசாரியரைக் கூப்பிட்டு, ‘நாளைக்குப் பெட்டி வந்ததும் பதக்கத்தை நீங்களே கட்டிக்குங்க’ன்னு சொல்லிட்டுத்தான் தெருவுல இறங்கினேன்... நகரு. குளிப்பாட்டத் தண்ணி எங்கே வச்சிருக்கே?