மந்திச்சோலைக்கு விளக்குமாறு வேண்டாம்

கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலிக் கையில் தொங்கவிட்டுவிட்டு, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், ஊர்க் கமிட்டித் தலைவர் அமிர்தராஜ் அவர்களே! ஆறு வருடம் அட்டைக்கடி பட்டும் மலையை விட்டு ஓடிப்போகாத பறவை ஆராய்ச்சியாளர், என் வயிற்றில் பிறக்காத மகள் ஹேமாவதி அவர்களே! மேடையின் ஓரத்து நாற்காலியில் வீற்றிருக்கும் அந்நாள் தோட்டத்து மேஸ்திரி, இந்நாள் திராட்சை விவசாயி சுந்தரலிங்கம் அவர்களே! ஆமாம், உங்கள் பெயரைத்தான் சொன்னேன், நம் ஓடைப்பட்டி ஊரே சாட்சி! ஊர்ப் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் நாளைய வயிற்றுப்பாட்டையும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு ஓடுகிற என் தோழிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் செபஸ்தியம்மாளின் தலை தாழ்ந்த, ஆனால் முதுகு வளையாத வணக்கம்!

பேச வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பகை. சீட்டை முந்தானையில் முடிந்துவிட்டேன், நினைவிலிருந்து பேசுகிறேன். என் நினைவு எப்படிப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியும். சிலர் அதற்குப் பயந்துதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மேகமலையில் மந்திச்சோலையைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று கமிட்டி நோட்டீசு அடித்திருக்கிறது. புதரை வெட்டி, சருகைக் கூட்டி, பாதை போட்டு, வெளியூரார் வந்து பறவை பார்க்க வசதி செய்யப் போகிறோமாம். நல்ல மனதோடு போட்ட நோட்டீசு, நான் மறுக்கவில்லை. ஆனாலும் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நோட்டீசைக் கிழியுங்கள்!

ஏ ரீட்டா, அங்கன என்ன சலசலப்பு? காரணத்தைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவேனா?

தீவு எங்கே இருக்கிறது? கடலுக்கு நடுவிலே மட்டுமா? நம் தலைக்கு மேலேயும் தீவு இருக்கிறது. மலையுச்சியில் அலையலையாய்ப் புல்மேடு. அந்த மேட்டின் மடிப்புகளில் முடங்கிக் கிடக்கும் சோலை. சுற்றிலும் தேயிலை, சுற்றிலும் வெயில். உள்ளே குளிர், உள்ளே ஈரம், உள்ளே பட்டப்பகலிலும் பாதி இருட்டு. அதுதான் தீவு! அந்தத் தீவின் குடிமகள்தான் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி; உருவத்தில் சிட்டுக்குருவி அளவு. மை போன்ற நீல மேனி, மாவு போன்ற வெள்ளை வயிறு. தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். வெட்டவெளியைக் கடந்து வெகுதூரம் பறக்க அதற்குத் துணிவில்லை. அதன் சோலை அழிந்தால் அது எங்கே போகும்? யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

கீழே வந்து பிழைக்காதா என்று கேட்கிறார் ஒருவர். ஐயா, கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் நீங்களும் நானும் பிழைப்பதே பெரும்பாடு!

நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், சீகை மரம் நடு என்றார்கள் தோட்டக்காரர்கள். மந்திச்சோலையின் பாதியை வெட்டிச் சீகை நட்ட பதினான்கு பெண்களில் நானும் ஒருத்தி. ஓடைக்கரையில் புதரை விலக்கினேன். மண் பொந்துக்குள் பாசி மெத்தை. மெத்தையில் இரண்டு முட்டை. காதில் அரைப் பீடி செருகி நின்ற மேஸ்திரியிடம் ஓடினேன்.

“மேஸ்திரி, இங்கன கூடு இருக்குது. இத மட்டும் விட்ருவமா?”

“குருவிக்குப் பேறுகாலம் பாக்கவா ஒன்னயக் கூட்டியாந்தேன்? வெட்டுடி!”

வெட்டினேன். அந்த மேஸ்திரிதான் அதோ, தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாரே, அவர். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று அடுத்த தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்தே என் முழங்கால் தேய்ந்தது. சிரியுங்கள், சிரியுங்கள். வலி எனக்கல்லவா!

தோட்டம் மூடப்பட்டது, சோலை ஊர்க் கமிட்டியின் கைக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஹேமாவதி வந்தாள். “நட்டவுகளே புடுங்க வாங்கம்மா” என்று கூப்பிட்டாள். நாங்கள் நட்ட அந்த அந்நியச் சீகையை நாங்களே பிடுங்கினோம். மலை நாவல் நட்டோம், காட்டுச் செண்பகம் நட்டோம், புல் இருந்த இடத்தில் புல்லையே பதித்தோம். நாலாம் வருடம் பெரணி செழித்தது, புதர் அடர்ந்தது, ஒரு சோடி சோலைக்கிளி குடிவந்தது! கூட்டம் கூடிவிடும் என்று பயந்து, கூடு இருக்கும் இடத்தை எங்களிடமும் சொல்லாமல் காத்தாள் ஹேமாவதி.

அப்போதுதான் சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருவதாகச் சேதி வந்தது. என் கூட வேலை செய்யும் சுருளியம்மாள் கேட்டாள்:

“யக்கா, பெரியவுக வாராக. காடு இப்பிடியா பரட்டத்தலையாக் கெடக்குறது? நம்மளத்தான ஏசுவாக?”

“அது நம்ம வீட்டு வாசலாட்டம்டி. எடுங்கடி வெளக்குமாத்த!” என்றேன் நான்.

ஏலச்செடி தரையோரம் சரம் விட்டுப் பூக்கும். தூர் சுத்தமாக இருந்தால்தான் காய் கண்ணில் படும். ஆயுள் முழுதும் தூரைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கைகள் எங்கள் கைகள். சருகைக் கண்டால் அந்தக் கைகள் சும்மா இருக்குமா? இருபத்திரண்டு பெண்கள், ஒரே பகல்! பெரணியை அறுத்தோம். ஓடைக்கரையைச் சீவினோம். சருகைச் சாக்குச் சாக்காய் அள்ளித் திராட்சைக்கு உரமாகட்டும் என்று கீழே அனுப்பினோம். சோலை எங்கள் அடுப்படி மாதிரி மின்னியது. பெருமையாக நின்று பார்த்தோம்.

மறுநாள் காலை ஹேமாவதி வந்தாள். திட்டவில்லை. கத்தவில்லை. ஓடைக்கரையைக் கைகாட்டினாள்.

“கூடு அங்கனதாம்மா இருந்துச்சு.”

மறைப்பு இழந்த பொந்து, வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இரண்டு முட்டை. தொட்டுப் பார்த்தேன், ஓடைக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தன. தாய்ப் பறவை இல்லை.

நாற்பத்து நாலு வருடம் ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேனே, தாய்மார்களே! இந்தத் தடவை என்னை வெட்டச் சொன்னது யார்? எந்த மேஸ்திரி அதட்டினார்? யாரும் இல்லை! நானே மேஸ்திரி, நானே கூலியாள்! கெட்ட மனம் அன்று வெட்டியதை, நல்ல மனம் இன்று வெட்டியது. முட்டைக்கு என்ன வித்தியாசம்? சொல்லுங்கள், அந்த முட்டைக்கு என்ன வித்தியாசம்?

மூன்றாம் நாள் ஒரு ஜீப் மலையேறி வந்தது. உள்ளே எங்கள் சருகு மூட்டைகள், கட்டு அவிழாமல். கூடவே, முழங்காலைப் பிடித்தபடி இறங்கினார் சுந்தரலிங்கம். உரம் வாங்கியவர் அவர்தான்; சேதி கேள்விப்பட்டிருக்கிறார்.

“ஏத்தா, இத எங்கன கொட்டணும்?”

“எடுத்த எடத்துல.”

அத்தனை வருடத்துக்கும் சேர்த்து நான் அவரிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான். அன்று பொழுது சாயும் வரை அவர் மண்டியிட்டு, சருகைக் கை கையாய் அள்ளிப் பரப்பினார். நானும் பரப்பினேன், பத்தடி தள்ளி.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்தா கைதட்டுகிறீர்கள்? நிறுத்துங்கள்! “வெட்டுடி” என்ற சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் என்னை நான் மன்னிக்காதபோது அவரை மட்டும் தனியாக வெறுக்க எனக்கு உரிமை இல்லை. அவ்வளவே.

இரண்டு மழைக்காலம் போனது. யாரும் கூட்டவில்லை, யாரும் சீவவில்லை. சருகின் மேல் சருகு விழுந்தது. பெரணி மீண்டும் எழுந்தது. மூன்று வாரத்துக்கு முன், இந்தச் சித்திரையில், விடிகாலைப் பனிக்குள் சீழ்க்கை போல ஒரு பாட்டு! ஹேமாவதி என் கையைப் பிடித்தாள். எங்கே கூடு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அருவாளோடு ஏறப்போகும் இருநூறு பேருக்கும் அது தெரியாது. கூட்டிய பிறகுதான் தெரியும்!

சருகு குப்பையா? அதுதான் அதன் சோற்றுப்பானை! புதர் அலங்கோலமா? அதுதான் அதன் பேறுகால அறை! இருட்டு குறையா? அதுதான் அதன் கதவு! பேறுகால அறைக்குள் விளக்குமாறும் அருவாளுமாக நுழைவோமா, பெற்றவர்களே?

தலைவரே, மேடையில் பொன்னாடை போர்த்துவது மரபு. நான் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருப்பது வேறு. அன்று சோலையைக் கூட்டிய விளக்குமாறு! முகம் சுளிக்காதீர்கள். அவமதிக்க அல்ல, ஒப்படைக்க வந்தேன். வாங்கிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை யாரும் மலையேற மாட்டோம் என்று பொருள்.

தயங்குகிறீர்களா? தயங்குங்கள், காத்திருக்கிறேன்.

யார் எழுந்திருப்பது? சுந்தரலிங்கமா? பார்த்து, பார்த்து, ஒயர் கிடக்கிறது... இந்தாருங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள்.

தலைவரும் எழுகிறார்! சட்டைப்பையிலிருந்து நோட்டீசை எடுக்கிறார்! மைக்குக்குப் பக்கத்தில் கிழியுங்கள் தலைவரே, கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்! கேட்டதா, தாய்மார்களே? கேட்டதா?

துண்டுகள் மேடையெல்லாம் சிதறிவிட்டன என்று சங்கடப்பட வேண்டாம். அப்படியே கிடக்கட்டும், இன்று நான் கூட்டப் போவதில்லை.

பேச இடம் தந்த கமிட்டிக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இந்த நேரம் மந்திச்சோலை இருட்டில் முட்டையின் மேல் அசையாமல் அமர்ந்திருக்கும் அந்தத் தாய்க்கும் என் நன்றி. வணக்கம்!