குமிழில் தொங்கிய அட்டை

தியாகதுருகம் பஞ்சாயத்து ரேடியோவை நான் ஒருநாளும் சத்தமாக வைத்ததில்லை. பூங்காவில் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பெரியவர் பாவாடை தினமும் கத்துவார்: "இன்னா அந்தோணிதாசு, கொசு பாடுறாப்பல வெச்சிக்கினு கீற?" பழகிப்போன கை, ரீத்தா டீச்சர். வேறொன்றுமில்லை.

ஜெர்மனியிலிருந்து இங்கிலீஷில் வந்த கடிதத்தை நீங்கள்தான் எனக்குப் படித்துச் சொன்னீர்கள். பதில் எழுதும் முன் நடந்தது தெரிய வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்தில் இருந்தேன். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்டேன். வெள்ளைக்காரனை எதிர்க்க அவர்கள் உடுப்பை மாட்டிக்கொண்டால் முள்வேலியை விட்டு வெளியே வரலாம் என்றார்கள். மாட்டிக்கொண்டேன். பாசறைக்குப் பக்கத்து ஊரில் ஹெட்விக் என்ற விதவை அம்மா எங்கள் உடுப்புகளைத் தைத்துக் கொடுப்பார். துணி கொண்டுபோகிறவன் நான்.

அந்த நாட்டில் ஒரே கட்சி, ஒரே தலைவர். ரேடியோக் குமிழில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அந்நிய நிலையத்தைக் கேட்டால் சிறை என்று அதில் எழுதியிருக்கும். ஒருநாள் அந்த அம்மாவின் வீட்டில் அழுதுவிட்டேன். தமிழ் கேட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த அம்மா அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குமிழைத் திருகினார். லண்டனிலிருந்து தமிழ் வந்தது. வாரத்துக்கு ஒரு மதியம், கால் மணி நேரம். பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு கேட்பேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. எனக்காக உட்கார்ந்திருப்பார்.

கீழ்வீட்டுக்காரர் கட்சி ஆள். படிக்கட்டில் என்னை நிறுத்தி, மேலே என்ன பாஷை கேட்கிறது என்றார். நான்தான் பேசினேன் என்றேன். சிரித்தார். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாவைப் பிடித்தால் யாருக்காகத் திருகினாய் என்பார்கள். வயசான பொம்பளை, இரண்டு அடி தாங்கமாட்டார், சொல்லிவிடுவார். மறுநாள் காலை நானே அவர்கள் போலீஸிடம் போய்ச் சொன்னேன். துணி கொடுக்கப் போனபோது அவர் லண்டன் கேட்பதைப் பார்த்தேன் என்று மட்டும். அதில் பொய் இல்லை, பாருங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஊர் திரும்பினால் இந்த வேலை. ஜன்னல் இல்லாத இந்த அறை, தினமும் அதே குமிழ், அதே தமிழ்ச் செய்தி. விட்டுவிடுகிறேன் என்று பிரசிடெண்ட் அரங்கநாதனிடம் மூன்று முறை கேட்டேன். "பட்டாளத்துல ரேடியோ பாத்தவன் ஒன்ன வுட்டா ஆரு கீறான்?" என்று சாவியைத் திரும்பக் கையில் திணித்தார்.

இப்போது அந்த அம்மாவின் மகள் எல்சா எழுதுகிறாள். அம்மா சிறையிலேயே இறந்துபோனாராம். கூட இருந்தவளிடம் சொன்னாராம்: யாருக்காக என்று எவ்வளவோ கேட்டார்கள், சொல்லவில்லை, அந்தோணி நல்லபடியாக ஊர் போய்ச் சேரட்டும். காட்டிக்கொடுத்தது யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று எல்சா என்னைக் கேட்கிறாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுங்கள், டீச்சர். தெரியாது என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணை எதற்கு நோகடிக்க வேண்டும்?

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாசித்துக் காட்டித்தான் அந்த அம்மாவை விசாரித்திருப்பார்கள். அதற்குப் பிறகும் என் பெயரைச் சொல்லவில்லை. என்மேல் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, டீச்சர்.