இறங்காத எண்

அறையில் இருந்தவர்கள்: டாக்டர் பிரேமலதா, பன்னிரண்டு மணி வரை. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பல்லக்கைச் சுமக்கும் அழகியமணவாளன், வயது நாற்பத்தொன்று. பிறகு நான். ஏசி நன்றாக வேலை செய்தது.

நான் பிசியோதெரபியை மூன்றாம் ஆண்டில் விட்டவன். தென்னூர் ஆய்வுக்கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். அந்தச் சனிக்கிழமை ஆள் இல்லாததால் பகலிலும் கூப்பிட்டார்கள்.

வேலை எளிது, இன்ஸ்பெக்டர் சார். முதுகுவலியோடு வருபவரின் முதுகுத் தசைக்குள் மெல்லிய குழாயைச் செருகுவோம். ஆள் குப்புறப் படுத்து, எடையோடு மார்பைத் தூக்கி இறக்குவார். இருபது முறை. தசைக்குள் இருக்கும் அழுத்தத்தைத் திரை காட்டும். நிறுத்தி ஐந்து நிமிடத்தில் அது முப்பதுக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் தசைக்கு ரத்தம் போகவில்லை, உடனே ஆபரேஷன்.

டாக்டரை வார்டுக்கு அழைத்தார்கள். "வலிச்சா சொல்லுங்க மணவாளன்" என்றார்.

"பெருமாளைத் தோள்ல ஏளப்பண்ணிண்டு போறச்சே, நடுவுல இறக்குங்கோன்னு யாராவது சொல்லுவாளா மேடம்? அடுத்தவா தோள் கொடுக்கற வரைக்கும் வாயே திறக்க மாட்டோம்."

"இது பல்லக்கு இல்லைங்க. வாயைத் திறங்க." சிரித்துக்கொண்டே போனார்.

மற்றவர்கள் வலித்ததும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாத ஆள் கிடைப்பது அபூர்வம். இருபதோடு விடாமல் இருநூறு வரை எண்ணினேன். இருபதுக்கு ஒருமுறை, "நிறுத்தலாமா சார்?" என்று கேட்கவும் செய்தேன். வேண்டாம் என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் கட்டாயப்படுத்தவில்லை.

டாக்டர் போனில் கேட்டார். "முடிஞ்சுதுங்க. அவர் வீட்டுக்குப் போயிட்டாரு" என்றேன்.

நிறுத்தியபோது எண் தொண்ணூறு. ஐந்து நிமிடத்தில் எண்பத்தெட்டு. அரை மணியில் நூறு. திரையில் ஓடிய அப்படி ஒரு வரைகோட்டை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

"தம்பி, முதுகு கல்லாட்டம் ஆயிடுத்து. டாக்டரைக் கூப்பிடறேளா?"

அதுதான் அவர் முதன்முதலாகக் கேட்டது.

"வருவாங்க. உள்ள போய்ப் படுங்க."

சிறுநீரகம் நின்றதாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. சரிதான். ஞாயிறு மாலை நான்கு இருபதுக்கு எண் தானாக இறங்கியது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் சுவரைப் பிடித்தபடி ஓய்வறைக்குள் நடந்தார். போனை மேசையிலேயே விட்டிருந்தார், ஞாபகப்படுத்தவில்லை. முதுகிலிருந்த குழாயின் ஒயரைக் கதவிடுக்கு வழியாகத் திரைக்கு இழுத்துவிட்டேன். திங்கள் வரை அங்கே யாரும் வரமாட்டார்கள் என்பது தெரியும். இருந்தாலும், களைத்த மனிதர், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தி வெளியே பூட்டினேன்.