சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின கீ

— சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின கீயைத்தானேண்ணா சொல்ற? அழுத்திட்டேன். கட்டம் திறக்குது, 'காத்திருக்கவும்'னு போட்டுட்டு சுத்திக்கிட்டே இருக்கு.

— அதேதான். அப்பாவுக்குக் கை நடுங்குதே, மவுஸைப் பிடிக்க முடியலையேன்னு அந்த ஒரே கீயில ஷார்ட்கட் வச்சுக் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினா, அவர் டைப் அடிக்கிறது நேரா என் கம்ப்யூட்டருக்கு வந்துடணும்.

— எங்க வருது? அது சுத்தற சுத்துல எனக்கே தலை சுத்துது. இதுல இருக்கிற அப்பா போட்டோ வேணும்னா, அவர் காரியத்துக்கு வந்தப்பவே எடுத்துட்டுப் போயிருக்கலாம். மூணே நாள்ல ஓடிட்ட.

— அந்த ரூமுக்குள்ள கால் வைக்க முடியல பாப்பா. அவர் கோவம் இன்னும் அங்கேயே உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. சரி, இன்டர்நெட் வருதா?

— மத்ததெல்லாம் ஜோரா ஓடுது.

— அப்ப ஃபயர்வால்தான் மறிக்குது. செட்டிங்க்ஸ்ல போய் அதைத் திற. அவசரப்படாதே.

— திறந்துட்டேன். 'வெப், அனுமதி. மெயில், அனுமதி. மத்ததெல்லாம் தடை.' பக்கத்துல உன் குறிப்பு இருக்கு. 'மார்ச் பதினொண்ணு, நான் மாத்தினது'ன்னு.

— லீவு முடிஞ்சு நான் கிளம்பின நாள் அது. கண்ட லிங்கையும் அமுக்கறாரேன்னு எல்லாத்தையும் அடைச்சேன். 'என்னைக் கேக்காம என் பொட்டியில கை வைக்காதே'ன்னு எழுதிக் காட்டினார். தொண்டை ஆபரேஷன்ல குரல் போயும் அதிகாரம் போகலையேன்னு கத்திட்டேன். கத்தின கையோட கிளம்பியும் வந்துட்டேன். நாங்க பேசற இந்த வழியை மட்டும் திறந்து விடணும்னு தோணவே இல்ல.

— உனக்கு நாக்குல சனி. சரி, அதான் அப்புறம்…

— இரு பாப்பா. கீழ 'லாக்'னு இருக்கும். தடுத்ததெல்லாம் அதுல பதிவாகும். இப்ப நீ அழுத்தினதை விட்டுட்டு, அதுக்கு மேல படி.

— ஆறு மணி, தடை. ஆறு ரெண்டு, தடை. ஆறு அஞ்சு, தடை. முந்தின நாளும் ஆறு மணிதான். அதுக்கு முந்தின நாளும். மேல போகப் போக வந்துக்கிட்டே இருக்குண்ணா. என்ன இதெல்லாம்?

— அப்பா. தினமும் சாயங்காலம் அந்தக் கீயை அழுத்தியிருக்காரு. கட்டம் சுத்தறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்திருக்காரு. பையன் பதில் சொல்ல மாட்டேங்கறான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரு. கதவைச் சாத்தினவன் நான் பாப்பா.

— நீ என்ன உளர்ற?

— நானும் ரெண்டு தடவை அதே கட்டத்துல மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலே இல்ல. அதுவும் உள்ள போயிருக்காது. கோவம் தணியலன்னு நினைச்சு வீம்பா இருந்துட்டேன். நாலு மாசம் அவர்கூட ஒரு வார்த்தை பேசல.

— பேசலையா? தினமும் ஆறரைக்கு ரூமை விட்டு வெளிய வந்து, 'அண்ணன் பேசினான், கோவமெல்லாம் போயிடுச்சாம், உன்னையும் விசாரிச்சான்'னு நோட்டுல எழுதிக் காட்டுவாரேண்ணா.